டார்ச் லைட் அளக்கும் மீன் பெட்டி

தாத்தா வீட்டுப் பிள்ளைகள் (குடும்பக் குழு)

வெள்ளிக்கிழமை இரவு

அத்தை: எல்லாருக்கும் ஒரு செய்தி. அவசரகாலப் பையில் வைக்க, வீட்டுக்கு ஒன்று என்று இணையத்தில் டார்ச் லைட் வாங்கிவிட்டேன். ஒன்று ஒன்பது வெள்ளிதான். பெட்டியில் 100,000 லுமென் என்று போட்டிருக்கிறது.

மாமா: கூடத்தில் அடித்துப் பார்த்தேன், கண் கூசுகிறது. நல்ல சாமான் என்றுதான் தோன்றுகிறது.

பெரியப்பா: தங்கச்சி, அந்த எண்ணை நம்பாதே. லுமென் என்பது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு. கணக்குப் போட்டுப் பார். நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 150 லுமென் தரும். 100,000 லுமென் வேண்டுமானால் 650 வாட்டுக்கு மேல் தேவை. நம் வீட்டுச் சோற்றுக் குக்கர் இழுக்கிற மின்சாரம் அது. உன் டார்ச்சுக்குள் இருப்பது 18650 என்ற வகை லித்தியம் மின்கலம் ஒன்றே ஒன்று. முழுக்க ஏற்றினாலும் சுமார் 11 வாட்-மணிதான் அதில் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிட வேண்டும்.

அத்தை: அப்படியானால் ஏமாற்றிவிட்டார்களா அண்ணா? அம்மாவுக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தேனே.

பெரியப்பா: எண் பொய். விளக்கு எப்படிப்பட்டது என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். கண்ணை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஒளி இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது. ஏதோ கொஞ்சம் கூடியதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

மலர் அக்கா: அப்பா சொல்வது முக்கியம். 2018 செப்டம்பர் 18 நினைவிருக்கிறதா? அதிகாலை ஒரு மணிக்கு மேல் பூன் லேயில் மின்சாரம் போனது. முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில்தான் அப்பத்தா கழிவறைக்கு எழுந்தார். மேசை இழுப்பறையில் இருந்த டார்ச் மஞ்சளாக மினுங்கி அணைந்துபோனது. அவருக்குத் தரும் விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்று தெரியாமல் பையில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

கவின்: பெரியப்பா, நாமே ஓர் ஒளிமானி செய்தால் என்ன? ஆய்வுக்கூடங்களில் உட்புறம் முழுக்க வெள்ளை பூசிய பெரிய உருண்டை வைத்திருப்பார்கள். 1900ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் ரிச்சர்ட் உல்பிரிக்ட் கொண்டுவந்த முறை. விளக்கு எந்தத் திசையில் ஒளியைக் கொட்டினாலும் உள்ளே பட்டுப் பட்டுச் சிதறி, சுவர் முழுக்கச் சீராகப் பரவிவிடும். சுவரில் ஓர் இடத்தில் அளந்தால் போதும், மொத்த ஒளி தெரிந்துவிடும்.

பெரியப்பா: உருண்டைக்கு எங்கே போவது? வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி போதும். நாளைக் காலை தேக்கா சந்தைக்குப் போகிறேன். மீன்காரரிடம் கேட்டால் காலிப் பெட்டி ஒன்று கொடுப்பார். மூடியோடு வேண்டும், சுவர் தடிமனாக இருக்க வேண்டும்.

அத்தை: மீன் வாடை போகக் கழுவிவிட்டு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள் அண்ணா. அண்ணி என்னைத்தான் திட்டுவார்.

மாமா: ஒளியை அளக்க எல்டிஆர் என்ற ஒளியுணர் மின்தடை போதாதா மச்சான்? தானாக எரியும் தெருவிளக்குகளில் இருக்குமே, சில காசுகளுக்குக் கிடைக்கும்.

பெரியப்பா: இருட்டா வெளிச்சமா என்று சொல்ல அது போதும் மாப்பிள்ளை. அளவு சொல்ல ஆகாது. ஒளி இரண்டு மடங்கானால் அதன் மின்தடை சரியாகப் பாதியாவதில்லை. மெதுவாகத்தான் அசையும், சற்றுமுன் பட்ட வெளிச்சத்தின் பாதிப்பையும் வைத்துக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது போட்டோடயோடு. பிபிடபிள்யூ34 என்று கேள் கவின். ஒளி எவ்வளவோ அதே விகிதத்தில் மின்னோட்டம் தரும், மிகக் குறைந்த ஒளியிலிருந்து மிகுந்த ஒளி வரை.

கவின்: சிம் லிம் டவரில் கிடைக்கும். பாலிடெக்னிக் வகுப்பு முடிந்து வரும்போது வாங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள் 😊 கூடவே 10 கிலோஓம் மின்தடை, 9 வோல்ட் மின்கலத்துக்கான கவ்வி. மல்டிமீட்டர் உங்களிடம் இருக்கிறது.

சனிக்கிழமை

பெரியப்பா: [படம்] பெட்டி வந்துவிட்டது. கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறேன்.

மலர் அக்கா: உள்ளே நீல நிறத்தில் ஏதோ அச்சடித்திருக்கிறதே?

பெரியப்பா: அதை மறைக்க வேண்டும். பளபளப்பில்லாத வெள்ளைச் சாயம் பூசுகிறேன். தண்ணீரில் கரையும் சாயமாக இருக்க வேண்டும், தெளிப்பான் டப்பாவில் வருகிற சாயம் தெர்மோகோலை அரித்துவிடும். அலுமினியத்தாள் ஒட்டலாமா என்று யாரும் கேட்காதீர்கள். அது ஒளியை ஒரே திசையில் திருப்பிவிடும், நமக்கு ஒளி சிதற வேண்டும்.

கவின்: செய்முறையை எழுதிவைக்கிறேன், மற்ற வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

பெட்டியின் குட்டையான பக்கத்தில் டார்ச் முகம் அளவுக்கு ஒரு வட்டத் துளை. டார்ச்சை உள்ளே நுழைக்கக் கூடாது, கண்ணாடி துளையை ஒட்டி நிற்க வேண்டும். கறுப்பு உடம்பு உள்ளே போனால் அது ஒளியை விழுங்கி அளவைக் குறைத்துவிடும். சின்ன டார்ச்சுக்குத் துளை பெரிதாகத் தெரிந்தால் வெள்ளை அட்டையில் வளையம் வெட்டிப் பொருத்துங்கள்.

டயோடு நீளமான பக்கச் சுவரில், டார்ச் இருக்கும் முனைக்கு அருகே. அதற்கு முன்னால், விரல் அகலம் இடைவெளி விட்டு, ஒரு வெள்ளை அட்டைத் தடுப்பு. டார்ச்சின் நேர்க்கதிர் எதிர்ச்சுவரில் விழுகிற பொட்டை டயோடு பார்க்கவே கூடாது. பார்த்தால் கூர்மையான கதிர் வீசும் டார்ச் அநியாயமாக அதிக அளவு காட்டும்.

பெரியப்பா: தடுப்பு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. டார்ச்சை எரியவிட்டு மெல்ல இடமும் வலமும் சாய்த்துப் பார். மீட்டரில் எண் அதிகம் ஆடக்கூடாது. ஆடினால் தடுப்பை நகர்த்து.

மாமா: டயோடை நேரே மீட்டரில் இணைத்தால் போதாதா? 9 வோல்ட் எதற்கு?

பெரியப்பா: நல்ல கேள்வி. மைக்ரோ ஆம்பியர் அளவையில் மீட்டருக்குள்ளேயே ஒரு மின்தடை இருக்கிறது. ஒளி கூடக்கூட அதன் குறுக்கே மின்னழுத்தம் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் டயோடின் நேர்விகிதம் கெட்டுவிடும். மின்கலத்தைத் தொடரில் போட்டு டயோடைப் பின்னோக்கிய திசையில் இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை. திசை மாறிப்போனால் டயோடு கருகாமல் இருக்கத்தான் அந்த 10 கிலோஓம். மூடியை மூடு, துளையையும் அடைத்துவிடு. அந்த இருட்டில் மீட்டர் சுழியம் காட்டினால் திசை சரி. 800க்கு மேல் எகிறினால் டயோடைத் திருப்பிப் போடு.

கவின்: [படம்] முடிந்தது. இருட்டில் சுழியம். கதவு இடுக்கிலிருந்து வருகிற வெளிச்சம்கூடத் தெரிகிறது, அதனால் மூடியின் ஓரத்தில் கறுப்புத் துணி சுற்றியிருக்கிறேன்.

பெரியப்பா: அளக்கும் முன் கூட்டல் சோதனை செய். அதைச் செய்யாமல் எந்த எண்ணையும் எனக்கு அனுப்பாதே.

அத்தை: கூட்டல் சோதனை என்றால்?

கவின்: பெட்டியில் இரண்டு துளை போட்டு இரண்டு டார்ச்சையும் நிலையாக வைத்துவிட்டேன் அத்தை. முதலில் மலர் அக்காவின் டார்ச்சை மட்டும் எரியவிட்டேன்: 40 மைக்ரோ ஆம்பியர். அதை அணைத்துவிட்டு என்னுடையதை மட்டும்: 22. இரண்டையும் சேர்த்து எரியவிட்டால் 62 வர வேண்டும். 61 வந்தது 👏 நம் அளவுகோல் வளையாமல் நேராக இருக்கிறது என்று இதற்கு அர்த்தம். இரண்டாவது துளையை இப்போது அதே தெர்மோகோல் துண்டால் அடைத்துவிட்டேன்.

பெரியப்பா: இப்போது நம்புகிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், கருவி பொய் சொல்கிறதா என்று கருவியையே கேட்கிற சோதனை இது. கப்பல் பட்டறையில் வேலை கற்றுக்கொடுத்தவர் எந்த மானியைத் தொட்டாலும் இப்படி ஒன்றைத்தான் முதலில் செய்யச் சொல்வார்.

மலர் அக்கா: மைக்ரோ ஆம்பியரை லுமெனாக்குவது எப்படி?

கவின்: உங்கள் டார்ச்சை வைத்துத்தான் அக்கா. அதன் பெட்டியில் எஃப்எல்1 குறியோடு 200 லுமென் என்று இருக்கிறது. 2009இல் வந்த அமெரிக்கத் தர முறை அது. விளக்கைப் போட்டு 30 விநாடிக்குப் பிறகு அளக்க வேண்டும் என்பது அதன் விதி. முழுக்க ஏற்றிய மின்கலத்தோடு 30 விநாடி காத்திருந்து பார்த்ததுதான் அந்த 40. ஆக நம் பெட்டியில் 1 மைக்ரோ ஆம்பியர் என்றால் 5 லுமென்.

பெரியப்பா: இந்த 5 நம் பெட்டிக்கு மட்டும். வேறு பெட்டி, வேறு சாயம் என்றால் வேறு எண் வரும். இன்னொன்று, இந்த டயோடுக்கு அகச்சிவப்பும் தெரியும். வெள்ளை எல்இடியில் அது அநேகமாக இல்லை என்பதால் கவலையில்லை. இழை எரியும் பழைய குமிழ் டார்ச்சை இதில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் சேர்த்து எண்ணிவிடும். மாப்பிள்ளை, உங்கள் பழைய டார்ச்சுக்கு இது பொருந்தாது.

அத்தை: என்னுடையதைச் சொல்லுங்கள்!

கவின்: போட்டவுடன் 66. முப்பது விநாடியில் 58. அதாவது 290 லுமென் அத்தை.

அத்தை: நூறாயிரம் எங்கே, 290 எங்கே 😠

மாமா: ஆனால் மலரின் டார்ச்சை விட அதிகம்தானே?

பெரியப்பா: அந்த விநாடியில் அதிகம். அப்பத்தாவுக்கு வேண்டியது முதல் விநாடியா, முழு இரவா? இதோடு நிறுத்தாதே கவின், எரியும் நேரத்தையும் பார்.

கவின்: என் பழைய கைத்தொலைபேசியை மீட்டருக்கு எதிரே நிறுத்தி, பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் வைத்துக் காணொளி எடுக்கப்போகிறேன். யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை.

பெரியப்பா: யாரும் எழுத வேண்டாம், ஆனால் ஒருவர் அறையில் இருந்தே ஆக வேண்டும். பெயர் தெரியாத லித்தியம் மின்கலம், சுற்றிலும் எளிதில் தீப்பிடிக்கும் தெர்மோகோல். டார்ச் முகம் தொட முடியாத அளவு சுட்டால் உடனே நிறுத்து. தூங்கப் போகும்போது ஓடவிடாதே.

கவின்: சரி பெரியப்பா. நாளைக் காலை தொடங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

மலர் அக்கா: அது ஓடட்டும். புலாவ் உபின் தீவுக்கு எடுத்துப்போக வேண்டிய விளக்கைப் பற்றியும் சொல். பாதையில் தூரம் தெரிய வேண்டும். லுமென் மட்டும் பார்த்தால் போதுமா?

கவின்: போதாது அக்கா. லுமென் மொத்த ஒளி. தூரம் போவது ஒளி எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்குப் பெட்டி வேண்டாம். இரவு கீழ்த்தளத்தில் விளக்கில்லாத மூலையில் 5 மீட்டர் அளந்து, கதிரின் நடுப்பகுதியில் லக்ஸ், அதாவது ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவு, பாருங்கள். அதை 25ஆல் (5 × 5) பெருக்கினால் கேண்டெலா, அதாவது அந்தத் திசையில் ஒளியின் செறிவு. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் எத்தனை மீட்டர் எட்டும் என்று வரும். அந்தத் தூரத்தில் விழுகிற ஒளி கால் லக்ஸ், ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம்.

மலர் அக்கா: லக்ஸ் மானி என்னிடம் இல்லை. கைத்தொலைபேசிச் செயலி போதுமா?

பெரியப்பா: ஒரு தொலைபேசி காட்டும் எண்ணை மற்றது காட்டாது. ஆனால் உன் டார்ச் பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 2,500 கேண்டெலா, 5 மீட்டரில் 100 லக்ஸ் வர வேண்டும். உன் தொலைபேசி என்ன காட்டுகிறதோ அதை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை விகிதம் பார்த்துக்கொள்.

மலர் அக்கா: நேற்று இரவே பார்த்துவிட்டேன் அப்பா, கவினிடமிருந்து என் டார்ச்சைச் சற்று நேரம் வாங்கி 😊 இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். என்னுடையது 85 காட்டியது, அத்தை வாங்கியது 34. அப்படியானால் அது 40 லக்ஸ், 1,000 கேண்டெலா, சுமார் 63 மீட்டர். பரவலாக வெளிச்சம் தருகிறது, ஆனால் எட்டிப் போகவில்லை.

கவின்: [படம்] ஓட்டம் முடிந்தது. அத்தையின் டார்ச்: 10 நிமிடத்தில் 58இலிருந்து 31. 40 நிமிடத்தில் 12. ஒரு மணி நேரம் ஆகும் முன்பே 5.8க்குக் கீழ். தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கினால் ஓட்டம் முடிந்ததாக எஃப்எல்1 கணக்கு. டார்ச் சூடாகிறது, ஆனால் ஆபத்தான அளவுக்கு இல்லை.

மாமா: மலருடையது?

கவின்: உச்ச ஒளியில் ஓட்டவில்லை மாமா. நடுத்தர அளவில் வைத்தேன், 10 மைக்ரோ ஆம்பியர், அதாவது 50 லுமென். அத்தையுடையது முடிந்ததும் காலையிலேயே தொடங்கியது, மதியச் சாப்பாடு முடிந்து பார்க்கும்போதும் 10தான். கோடு போட்டதுபோல் நிற்கிறது.

மலர் அக்கா: 50 லுமெனில் ஓர் அறை தெரியுமா?

பெரியப்பா: விளக்கைக் கூரை நோக்கி நிமிர்த்தி வை. வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பி, படுக்கையிலிருந்து கதவு வரை நடக்க வேண்டிய வெளிச்சம் கிடைக்கும். அம்மாவின் அறையில் சற்றுமுன் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். அவரே செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அத்தை: அப்படியானால் அம்மாவுக்கு மலருடையதைப் போல ஒன்றுதான். என் செலவு. ஒன்பது வெள்ளி டார்ச்சுகளைத் திருப்பி அனுப்பப்போகிறேன். கவின், அந்த மீட்டர் படத்தையும் காணொளியையும் எனக்கு அனுப்பு, விற்றவருக்குக் காட்ட வேண்டும்.

கவின்: அனுப்பிவிட்டேன் அத்தை. படத்தில் கடிகாரமும் தெரிகிறது.

மாமா: என் அலுவலகப் பையில் ஒரு டார்ச் இருக்கிறது, அதையும் அளக்க வேண்டும். எல்இடிதான்.

பெரியப்பா: அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வீட்டில் இருக்கிற டார்ச்சுகளை எடுத்து வாருங்கள். மின்கலத்தை முழுக்க ஏற்றிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அளப்பதில் பயனில்லை. பெட்டி என் அறைப் பரண்மேல் இருக்கிறது. வெள்ளைச் சாயத்தில் கை படாமல் மூடியைத் திறக்க வேண்டும்.