எழுத்தை எண்ணாக்கும் கட்டளைக்குச் சொல்: வார்ப்பா, திரிபா, வகைமாற்றமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுத்தளப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உரைத் தரவை எண்ணாக மாற்றும் கட்டளையை விளக்கும் ஏழாம் பாடத்தில் மட்டும் அதற்குரிய சொல்லின் இடம் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. இந்தச் சொல் எவ்வளவு தேவை என்பதைச் சென்ற வாரம் வகுப்பிலேயே கண்டேன். மதிப்பெண் நெடுவரிசையை உரையாக வரையறுத்திருந்த மாணவி ஒருவர் அதை இறங்குவரிசையில் அடுக்கச் சொன்னபோது, 9 முதலிடத்திலும், 78, 35 ஆகியவை அதன் கீழும், 100 கடைசியிலும் வந்து நின்றன. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிட்டு அடுக்கியிருக்கிறது என்று விளக்கினேன். “அப்படியானால் இந்த நெடுவரிசையை என்ன செய்ய வேண்டும், ஐயா?” என்று கேட்டார். அந்த ‘என்ன செய்ய’ என்பதற்கான வினையைத்தான் நாம் பத்து நாள்களாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரத்திலேயே உள்ள கட்டளை என்பதால் ‘காஸ்ட்’ (CAST) என்றே எழுதிவிடலாம் என்போரின் கவலை நியாயமானது. நிரலில் மாணவர் தட்டச்சு செய்யப்போவது அதைத்தான். ஆனால் தமிழ் எழுத்தில் அது ‘விலை’யைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒன்றாகிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் ஒரு வினவலின் (தரவைக் கேட்கும் கட்டளையின்) செயல்திட்டத்தைக் காட்டும்போது செலவு மதிப்பீட்டுக்கு அந்தச் சொல்லையே ஆள்வதால், பத்தாம் பாடத்தில் குழப்பம் உறுதி.

அந்த ஆங்கிலக் கட்டளைச் சொல்லின் நேர்ப்பொருளான ‘வார்ப்பு’ எனக்கும் பிடித்த சொல். தோசை வார்ப்பதும் சுவாமிமலையில் படிமம் வார்ப்பதும் நம் கண்முன் நடப்பவை. உலோகம் அதுவே, வடிவம் மட்டும் வேறு என்னும் விளக்கமும் பொருந்துகிறது. ஆயினும் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘வார்ப்புரு’ என்பது ‘டெம்ப்ளேட்’ என்னும் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது.

‘திரிபு’ என்று முன்மொழிந்த புலவர் ஐயாவுக்குச் சற்று விரிவாகவே மறுமொழி சொல்ல வேண்டும். சொற்கள் புணரும்போது நேரும் மாற்றமாகிய விகாரத்தை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுத்தார். ‘பற்பொடி’யில் லகரம் றகரமாவது திரிதல், ‘மரவேர்’ என்பதில் மகரம் மறைவது கெடுதல். இனி, ‘12 கிலோ’ என்னும் உரையை எண்ணாக்கச் சொன்னால், மைஎஸ்க்யூஎல் என்னும் மற்றொரு தரவுத்தள மென்பொருள் ஓர் எச்சரிக்கையை மட்டும் தந்துவிட்டுக் கிலோவை உதிர்த்து 12 என்கிறது. போஸ்ட்கிரெஸோ பிழை என்று நின்றுவிடுகிறது. ‘007’ என்பதை இரண்டுமே 7 ஆக்குகின்றன. இவற்றில் நடப்பது திரிதலன்று, கெடுதல். மேலும், பால் திரிந்தது, வரலாறு திரிக்கப்பட்டது என்றே இச்சொல்லைக் கேட்டுப் பழகிய மாணவருக்கு, தரவைத் திரிப்பது குற்றமாகவே தோன்றும்.

இலக்கணத்திலிருந்து ஒன்றை எடுக்கத்தான் வேண்டுமென்றால், தொகையையும் விரியையும் எடுப்போம். ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு மறைந்திருந்தும் நாமே பொருள் கொள்கிறோம். ‘பாலைக் குடித்தான்’ என்பதில் அது வெளிப்படையாக நிற்கிறது. உரையோடு பூச்சியத்தைக் கூட்டி, மைஎஸ்க்யூஎல் தானாகவே எண்ணாகக் கொள்ளட்டும் என்று விடுவது தொகை. கட்டளையை எழுதியே மாற்றுவது விரி. நெடுவரிசை தானாக மாற்றப்படும்போது அதன் மீதுள்ள சுட்டுவரிசை (தேடலை விரைவாக்கும் அட்டவணை) பல நேரங்களில் பயன்படாமல் போய் வினவல் மந்தமாவதால், இந்த வேறுபாட்டை மாணவர் பெயரிட்டு அறிவது மிகவும் தேவை.

ஆகவே ‘வகைமாற்றம்’ என்பதையே நான் முன்மொழிகிறேன். வினையாக ‘எண்வகைக்கு மாற்று’ என்று வகுப்பில் இயல்பாகச் சொல்ல முடிகிறது. ‘இனமாற்றம்’ என்பதை விட்டதற்குக் காரணம், செய்தித்தாள் படிப்பவர் காதில் ‘இனம்’ வேறு பொருளில் ஒலிப்பதே. ‘வகை’ மிகப் பொதுவான சொல், கலைச்சொல்லுக்குரிய கூர்மை அதற்கு இல்லை என்று மதுரை அம்மையார் எழுதியதை நான் மறுக்கவில்லை. இதுவரை எழுதிய ஒன்பது பேரில் ஐவர் வகைமாற்றத்துக்கு இசைந்திருக்கிறீர்கள். மூவர் வார்ப்பை விடுவதாக இல்லை. புலவர் ஐயா திரிபில் உறுதியாக இருக்கிறார். பாடத்தில் வகைமாற்றத்தையும் பின்னிணைப்பில் வார்ப்பையும் இடுகிறேன். தொகை, விரி குறித்து மறுப்பிருப்போர் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.