புதுப்பிப்பு: பாத்திரப் பெயரில் வாங்கிய அந்தக் கையெழுத்து

போன மாதம் ஓர் அட்டையைப் பற்றிக் கேட்டிருந்தேன். நடிகர் தன் பெயரை விட்டுவிட்டு, நடித்த பாத்திரத்தின் பெயரை மட்டும் போட்டுக் கொடுத்தார். இதைச் சேகரிப்பில் வைக்கலாமா என்று. "இதை யார் வேண்டுமானாலும் கிறுக்கலாமே" என்றார்கள் பாதிப் பேர்.

அவர் சொந்தப் பெயரில் போட்ட இன்னொன்று நண்பரிடம் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துகளில் ஒப்பிட ஒன்றுமில்லை. ஆனால் அடிக்கோடு அச்சு அசல் அதேதான்: சற்றே மேலேறி, பேனாவைத் தூக்காமல் ஒரு சுழி, கடைசியில் மை ஊறிய அழுத்தமான புள்ளி. முழு நிரூபணம் ஆகாதுதான், எனக்குப் போதும்.

இரண்டு பெயரும் இருந்தால்தான் மதிப்பு என்றவருக்கு: எழுத்தாளர் மார்க் ட்வைன் சில சமயம் தன் இயற்பெயரான சாமுவேல் க்ளெமென்ஸ் என்பதையும் சேர்த்தே போட்டிருக்கிறார். ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் நேரெதிர். புனைபெயருக்கு அந்நியர்கள் எழுதும் கடிதங்களைத் தட்டிக்கழிக்க 1890இல் சுற்றறிக்கையே அச்சடித்து வைத்தார் மனிதர்! நிலவில் நடந்த விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரினிடம் இந்தச் சிக்கலே இல்லை, ‘பஸ்’ என்ற செல்லப்பெயரையே 1988இல் சட்டப்படி பெயராக்கிக்கொண்டார்.

என் தப்பு ஒன்று உண்டு. வாங்கிய தேதியை அட்டையின் பின்புறம் பென்சிலில் குறிக்கவில்லை. இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது.