ஒரே கதை, இரண்டு பாகம்: வெட்டு எங்கே விழுந்தது?

பெரிய கதையை இரண்டாகப் பிரித்து எடுத்த படங்கள், தொடர்கள் என்றாலே ‘மூலத்தைக் கெடுத்துட்டாங்க’ அல்லது ‘மூலத்தைவிட நல்லா இருக்கு’ என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள், முதல் பாகம் எந்த இடத்தில் நிற்கிறது, அதனால் இரண்டாம் பாகத்தில் யார் காணாமல் போனார்கள் என்று எழுதுங்கள். முடிவுகள் வெளிப்படும், பார்க்காதவர்கள் கவனம்.

பொன்னியின் செல்வனில் தொடங்குகிறேன். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது. ஐந்து பாகம், மொத்தம் 293 அத்தியாயம். 2022 செப்டம்பர் 30இல் வந்த முதல் படம் கடலில் கப்பல் மூழ்குவதோடு நிற்கிறது. நாவலில் அது இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ முடியும் பகுதி. ஆக, முதல் படத்துக்குச் சுமார் 110 அத்தியாயம், 2023 ஏப்ரல் 28இல் வந்த இரண்டாம் படத்துக்கு மிச்சம் இருந்த 183. இரண்டு படமும் ஏறக்குறைய ஒரே நீளம், இரண்டே முக்கால் மணி நேரம். நெருக்கடி எங்கே வரப்போகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. கடைசிப் பாகமான ‘தியாகச் சிகரம்’ மட்டுமே 91 அத்தியாயம்.

முதலில் போனவள் மணிமேகலை. கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன்மேல் ஆசை வைத்தவள். அவனைக் காப்பாற்ற, கரிகாலன் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிந்தவள். நாவல் முடிவதே அவள் சாவோடுதான். படத்தில் அவள் இல்லை, அதனால் அந்த முடிவும் இல்லை. வந்தியத்தேவனின் விளையாட்டுத்தனத்துக்கு நாவல் வாங்கும் விலை அவள் உயிர். படத்து வந்தியத்தேவன் அந்தக் கடனே இல்லாமல் தப்பித்துவிடுகிறான்.

அடுத்தது சேந்தன் அமுதன். பூமாலை கட்டும் அந்தச் சிவபக்தன்தான் உண்மையான மதுராந்தகன் என்று நாவல் திறந்து காட்டி, முடியை அவன் தலையில் வைக்கிறது. படத்தில் அமுதன் வந்துபோகும் ஆள் மட்டுமே. முதல் படத்திலிருந்து அரியணைக்கு ஆசைப்பட்ட அதே மதுராந்தகருக்கே முடி போகிறது. இது வெறும் குறைப்பு இல்லை. பதவி வேண்டாதவனிடம் கொடுப்பது ஒன்று, அதற்காகச் சூழ்ச்சியில் இறங்கியவரிடம் கொடுப்பது வேறொன்று. அருள்மொழியின் விட்டுக்கொடுத்தல் படத்தில் இன்னும் கனமாகிறது. அந்தக் கனத்தை உணர வைக்கத்தான் நேரம் போதவில்லை.

* * *

இதே கணக்கை ‘டியூன்’ படங்களுக்கும் போட்டுப் பாருங்கள். 2021 படம், நாயகன் பாலுக்கும் (Paul) பாலைவன வீரன் ஜாமிஸுக்கும் நடக்கும் கத்திச் சண்டையோடு நிற்கிறது. பாலைவன மக்களிடம் அவன் போய்ச் சேரும் இடம் என்பதால் வெட்டு சரியான இடத்தில்தான் விழுந்தது. கஷ்டம் அதற்குப் பிறகு. 1965இல் வந்த நாவலில் அங்கிருந்து சில ஆண்டுகள் தாண்டிப் போகின்றன. பாலின் தங்கை ஆலியா பிறந்து, பெரியவர்கள்போலப் பேசும் சின்னக் குழந்தையாக வந்து, குடும்பத்தின் பரம எதிரியான ஹார்கோனன் பிரபுவைக் கொல்கிறாள். 2024 படம் இந்த ஆண்டுகளை ஒன்பது மாதத்துக்கும் குறைவாகச் சுருக்கியது. ஆலியா தாயின் வயிற்றை விட்டு வெளியே வரவே இல்லை. கொலையைப் பாலே செய்கிறான்.

இப்படிச் சுருக்கியதில் ஒரு நன்மை உண்டு. பேசும் குழந்தையைத் திரையில் நம்ப வைப்பது பெரிய தலைவலி, அது தீர்ந்தது. நஷ்டமும் உண்டு. சில மாதத்தில் ஒரு மக்கள்கூட்டமே அவனை மீட்பராக ஏற்பது அவசரமாகத் தெரிகிறது. அதை ஈடுகட்டுவது பாலின் காதலி சானியின் பாத்திரம். நாவலில் அவள் கடைசிவரை அவன் பக்கம் நிற்கிறாள். படத்திலோ அவன் பேரரசனாவதைப் பார்த்துவிட்டு, தனியாக மணற்புழு ஏறக் கிளம்புகிறாள். கடைசி ஷாட்டில் இருப்பது அவள் முகம்தான். தலைவனை நம்பாதே என்ற எச்சரிக்கையை நாவல் பாலின் மனவோட்டத்தில் வைத்தது. மனவோட்டத்தைப் படமாக்க முடியாது என்பதால் அதை ஒரு மனுஷியின் கையில் கொடுத்திருக்கிறார்கள். தழுவலில் இதைவிட நல்ல மாற்றம் சமீபத்தில் வரவில்லை என்றே சொல்வேன்.

* * *

‘விக்கெட்’ (Wicked) விஷயத்தில் வெட்டைத் தேட வேண்டியதே இல்லை, மேடை இசை நாடகத்தின் இடைவேளைதான் வெட்டு. 2024 நவம்பரில் வந்த முதல் படம் 160 நிமிடம். மொத்த நாடகமே ஏறக்குறைய அவ்வளவுதான்! ஆனால் நாடகத்தில் இடைவேளைக்குப் பின் வரும் பகுதி சின்னது, பெரிய பாட்டுகள் முன்பாதியிலேயே முடிந்துவிடும். அதனால்தான் 2025இல் வந்த இரண்டாம் படத்துக்குப் புதிதாக இரண்டு பாட்டு எழுத வேண்டி வந்தது. பதினைந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டு வரும் இடைவேளை வேறு, ஒரு வருஷ இடைவெளி வேறு.

* * *

அந்த ஒரு வருஷ இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு வீடியோ கேமைத் தழுவிய ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடர் சரியான உதாரணம். 2023இல் வந்த முதல் சீசன் 9 எபிசோட், முதல் கேமின் முழுக்கதை அதில் அடங்கியது. கேமில் காற்றில் பரவும் பூஞ்சை வித்துக்காக அடிக்கடி முகமூடி போடுவார்கள். நடிகர் முகம் மறைந்தால் நடிப்பு போச்சு என்று முதல் சீசனில் வித்துக்குப் பதிலாகப் பூஞ்சை நூலிழைகளைக் கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு.

2025 சீசன் வெறும் 7 எபிசோட், இரண்டாம் கேமில் ஒரு பகுதிதான் அதில் வருகிறது. நாயகி எல்லியின் மூன்று நாள் முடிந்து, அவள் பழிவாங்கத் தேடும் ஆபியின் முதல் நாள் தொடங்கும் இடத்தில் நிற்கிறது. கேமிலும் பார்வை மாறும் இடம் அதுதான். ஆனால் அங்கே கன்ட்ரோலர் கையில் இருக்கும்போதே ஆள் மாறிவிடும். வெறுத்த ஆளை அடுத்த நிமிடமே நீங்களே நடத்த வேண்டும், மறுக்க வழியில்லை. அந்த அதிர்ச்சிதான் அந்தக் கேமின் உயிர். தொடரில் அதே இடத்தில் மாதக்கணக்கான காத்திருப்பு. ஆபிக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பதையும் கேம் பாதிவரை மறைத்து வைக்கிறது, தொடர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அடுத்த சீசன்வரை அந்த ரகசியம் தாங்காது என்று கணக்குப் போட்டால் வேறு வழியில்லைதான். ஆனாலும் இழப்பு இழப்புதான்.

* * *

ரிலீஸுக்குப் பிறகு நீளத்தைக் குறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12இல் மூன்று மணி நேரப் படமாக வந்தது, சில நாளில் 12 நிமிடம் குறைத்தார்கள். இப்படிக் குறைத்தால் படம் எங்கே மேம்படும், எங்கே மேம்படாது என்பது எடிட் மேஜையைத் தெரிந்தால் புரியும். ஒலிக்கலவை முடிந்த படத்தில் காட்சியின் நடுவே கை வைத்தால் பின்னணி இசை வெட்டுப்பட்டுக் குதிக்கும். அதனால் சுத்தமாக எடுக்க முடிவது முழுப் பாட்டு, முழுக் காட்சி, அல்லது காட்சியின் தலையும் வாலும்தான். சான்றிதழ் வாங்கிய பிறகு செய்த மாற்றத்தைத் தணிக்கை வாரியத்திடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும், பிறகு தியேட்டர்களுக்குப் புது ஃபைலும் அதைத் திறக்கும் டிஜிட்டல் திறவுகோலும் போக வேண்டும். இந்த அவசரத்தில் குறைவது நிமிடம் மட்டும். மூன்றாம் பாகத்துக்காக எடுத்து வைத்த கதை இரண்டாம் பாகத்தில் இல்லை என்றால், எத்தனை நிமிடம் வெட்டினாலும் அது வந்து சேராது.

* * *

பல படங்களைக் கோக்கும் ‘யூனிவர்ஸ்’களுக்கு ஒரு எளிய சோதனை: இணைப்பை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? ‘கைதி’ (2019) தனியாகவே நிற்கும். ‘விக்ரம்’ (2022) அந்தப் படத்தின் போதைப்பொருள் வேட்டையிலிருந்து நூல் பிடிப்பதால் ‘கைதி’யின் போலீஸ் அதிகாரி பிஜாய் உள்ளே வருவதற்குக் காரணம் இருக்கிறது. ‘லியோ’வில் (2023) ‘கைதி’யின் போலீஸ்காரர் நெப்போலியன் வருவதும் கடைசி போன் அழைப்பும் கைதட்டலுக்கு உதவுகின்றன, ஆனால் நாயகன் பார்த்திபனின் சிக்கலை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை. ‘விக்ரம்’ இணைப்பு மூட்டு, ‘லியோ’ இணைப்பு ஒட்டு.

* * *

வெட்டு விழுந்த இடத்தைத் திரும்ப ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு படம் வந்துவிட்டது. ‘பாகுபலி’யின் இரண்டு பாகமும் (2015, 2017) சேர்த்து ஐந்தேகால் மணி நேரத்துக்கும் மேல். 2025 அக்டோபரில் ஒரே படமாகக் கோத்தபோது மூன்றே முக்கால் மணி. சிவுடு–அவந்திகா காதல் பகுதிதான் பெரிய பலி. கட்டப்பா வாளை இறக்கும் அந்த ஷாட்டை மட்டும் கவனியுங்கள். இரண்டு வருஷம் ஊரே கேட்ட கேள்விக்கு, இப்போது அதே இருக்கையில் உட்கார்ந்தபடியே பதில் கிடைத்துவிடுகிறது. ‘ஏன் கொன்றான்’ என்ற புதிர் மங்கி, கொல்லப்போகிறான் என்று தெரிந்தே கட்டப்பாவின் பாசத்தைப் பார்க்கும் வலிதான் மேலே வருகிறது.