ஐந்து வயதுப் பிள்ளைக்கு இறைஞானமா? (99 ஆட்டு விவகாரம்)

நாசரேத் மாப்பிள்ளை:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்றிலிருந்து ஒரே செய்தி பத்து தடவை வந்துவிட்டது. ஏதோ ஓர் ஊர் ஞாயிறு பள்ளியில், நூறு ஆட்டில் காணாமற்போன ஒன்றை மேய்ப்பன் தேடிப் போகிற இயேசுவின் கதை சொன்னார்களாம். "மீதி 99 ஆட்டையும் விட்டுட்டுப் போனது தப்பில்லையா?" என்று டீச்சர் கேட்டாராம். ஐந்து வயதுப் பெண் பிள்ளை எழுந்து, "அதுங்க பட்டிக்குள்ள ஒண்ணுக்கொண்ணு துணைக்கு இருக்கு. இதுதான் தனியா அழும்" என்றதாம். உடனே டீச்சர் கண்ணீர், சபை ஐயர் கண்ணீர், "பிள்ளைகளுக்கு இருக்கும் இறைஞானம் நமக்கு இல்லை" என்று கீழே நாலு கும்பிடு.

லூக்கா 15:4-ஐ எடுத்துப் பாருங்கள். "வனாந்தரத்திலே விட்டு" என்று இருக்கிறது. பட்டி எங்கிருந்து வந்தது? 14 வருஷம் ஞாயிறு பள்ளியில் நின்றவன் சொல்கிறேன், அந்தப் பட்டி, கதை சொல்லும்போது பிளானல் துணிப் பலகையில் ஒட்டுகிற படத்தில் இருந்து வந்தது. படத்தைப் பார்த்துச் சொன்னதற்குப் பெயர் ஞானமா?

மறைக்கல்வி அக்கா:
அண்ணாச்சி, அந்தப் பிள்ளை வேதப் பரீட்சை எழுத வரவில்லை. தனியாக நிற்கிற ஆடு அழும் என்று அதற்குப் பட்டதே, அதைப் பாருங்கள்.

நானும் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) முந்தின வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ரோமில் 1954-இல் சோஃபியா கவல்லெத்தி என்ற எபிரேய மொழி அறிஞரும் ஜான்னா கோபி என்ற மாண்டிசோரி முறை ஆசிரியையும் தொடங்கிய நல்லாயன் மறைக்கல்வி முறை. மர வேலி, தட்டையான மர ஆடுகள், ஓர் ஆயன், அவ்வளவுதான் சாமான். கதையைச் சொல்லிவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளை தானே நகர்த்திப் பார்க்கும். ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் கதையில் நீதி தேடுவதில்லை, ஆயன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதிலேயே லயித்துப் போகிறார்கள் என்று கவல்லெத்தி வருஷக்கணக்கில் பார்த்து எழுதியிருக்கிறார்.

போன மாதம் என் வகுப்பில் ஒரு பொடியன் ஆயனை எடுத்து வேலி திறந்திருக்கிற இடத்தில் குறுக்கே படுக்க வைத்தான். ஏன்டா என்றேன். "இங்க கதவு இல்லல்ல" என்றான். யோவான் 10-இல் "ஆடுகளுக்கு வாயில் நானே" என்று வருவதை நான் அவனுக்குச் சொல்லியதே இல்லை.

நாசரேத் மாப்பிள்ளை:
கதவில்லாத வேலியைச் செய்து வைத்தது யார்? ஓட்டையை நீங்கள் விட்டீர்கள், அவன் அடைத்தான். என் பேரன்கூட வாசல்படியில் செருப்பை அடுக்கி நாயை மறிக்கிறான், அவனுக்கும் ஒரு சபை தொடங்கிவிடலாமா? நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வனாந்தரத்தில் பட்டி எங்கே?

சும்மா படிக்கிறவன்:
முதலில் 'இறைஞானம்' என்று எதைச் சொல்கிறோம்? இரக்கமா, வசன அறிவா, கடவுளைப் பற்றிய நினைப்பா? அதை முடிவு பண்ணிவிட்டுப் பேசினால் நல்லது.

கிடைக்காரர் பேரன்:
எங்கள் தாத்தா ராமநாதபுரம் பக்கம் ஆட்டு மந்தையை வயலில் தங்கவைத்துக் கிடை போட்டவர். செம்மறியைத் தனியே விட்டால் கத்திக்கொண்டே நிற்கும். கூட்டத்தோடு விட்டால் வெயில் நேரத்தில் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை விட்டுக்கொண்டு சும்மா நிற்கும். அந்தப் பிள்ளை சொன்னது ஞானமும் இல்லை, மண்ணும் இல்லை. சரியான ஆட்டு நடப்பு. அப்புறம், எந்தக் கீதாரியும் (மந்தைக்குத் தலைவர்) 99 உருப்படியை ஆள் இல்லாமல் விட்டுப் போகமாட்டார்.

நாசரேத் மாப்பிள்ளை:
தம்பி, லூக்காவில் கீதாரி இல்லை. வனாந்தரம் இருக்கிறது.

பி.எட். படித்தவன்:
இங்கிலாந்தில் ரொனால்ட் கோல்ட்மன் 1964-லேயே இதை எழுதிவிட்டார். எரியும் முட்செடி, செங்கடல், இயேசுவுக்கு வந்த சோதனை, மூன்றையும் பிள்ளைகளிடம் சொல்லிக் கேள்வி கேட்டார். குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே சொன்ன மாதிரியேதான். சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள், உள்ளர்த்தம் பிடிபடப் பதின்ம வயது வரவேண்டும்.

மறைக்கல்வி அக்கா:
பேட்டி எடுத்தால் பிள்ளை பேட்டிக்குத் தகுந்த பதில் சொல்லும். அரை மணி நேரம் கம்மென்று உட்கார்ந்து ஆட்டை நகர்த்துகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நம் கொடைக்கானலில்தான் இருந்தார், அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அண்ணாச்சிக்கு ஒன்று. மத்தேயு 18:12-இல் அதே ஆடுகள் மலையில் நிற்கின்றன, உங்கள் வனாந்தரத்தில் இல்லை. அதே அதிகாரத் தொடக்கத்தில்தான் இயேசு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துகிறார். ஆட்டுக் கதையும் "இந்தச் சிறியவர்களில் ஒருவர்கூட" என்றுதான் முடிகிறது. நாங்கள் படிக்கிற பொது மொழிபெயர்ப்பு பைபிளில் லூக்காவிலேயே வனாந்தரம் இல்லை, 'பாலை நிலம்'.

நாசரேத் மாப்பிள்ளை:
பாலை நிலமா! தமிழில் ஆடு மேய்ப்பது முல்லை. பாலையில் ஆட்டை விட்டால் ஒரு ஆடு என்ன, நூறும் போகும். மொழிபெயர்ப்பில் கைவைத்துவிட்டு எனக்குப் பாடம் நடத்துகிறீர்கள்.

கேட்கிறேன், உங்கள் பத்தாம் பயஸ் பாப்பரசரே 1910-இல் புதுநன்மைக்கு ஏறக்குறைய ஏழு வயது என்றுதானே வைத்தார்? ஐந்து வயதில் ஞானம் பொங்குகிறது என்றால் ஏழு எதற்கு?

மறைக்கல்வி அக்கா:
அதற்கு முன் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினான்கு வயது வரை பிள்ளைகளைக் காக்கவைத்தார்கள். இறக்கியவரே அவர்தான். பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது உங்களுக்குப் புதிதில்லை. போன கிறிஸ்துமஸ் கேரல் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

நாசரேத் மாப்பிள்ளை:
கேரல் விஷயத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே இழுக்காதீர்கள். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்திப் பாருங்கள், பத்து நாளும் பிள்ளைகள் வருவது மிக்சருக்கும் கலர் தண்ணிக்கும். "இயேசுவிடம் என்ன கேட்பாய்?" என்றால் "இன்னொரு கப்" என்பான். அதை ஒருத்தரும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. நூறு பிள்ளையில் ஒன்று அழகாகச் சொன்னால் போடுகிறார்கள். மீதி 99 சொன்னதை எங்கே விட்டார்கள்?

கிடைக்காரர் பேரன்:
வனாந்தரத்தில் :)

சும்மா படிக்கிறவன்:
எங்கள் குழுவில் வந்த செய்தியில் அது பையன். ஏழு வயது. அவன் சொன்னதாகப் போட்டிருப்பதும் வேறு. அப்படி ஒரு வகுப்பு நடந்ததா என்று யாராவது பார்த்தீர்களா?

மறைக்கல்வி அக்கா:
நடந்திருக்கும். என் வகுப்பில் தினமும் நடக்கிறது.

நாசரேத் மாப்பிள்ளை:
பையனோ பெண்ணோ, எனக்கு அது வேண்டாம். வனாந்தரத்தில் பட்டி உண்டா, இல்லையா? ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தை.

கிடைக்காரர் பேரன்:
உண்டு அண்ணாச்சி. நாலு கருவேல முள்ளை வெட்டி வட்டமாகப் போட்டால் அதுதான் பட்டி. தாத்தா அரை மணியில் போட்டுவிடுவார்.

நாசரேத் மாப்பிள்ளை:
லூக்காவில் கருவேல முள் எந்த வசனத்தில் இருக்கிறது?