அப்பாயி கேட்ட நாதம்

குழு: தாத்தா வீட்டு உறவுகள்
சனிக்கிழமை

காலை 9:04 | கதிர்
அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது என்பதால் ஒரு விஷயத்தில் உங்கள் உதவியைக் கேட்கிறேன். நேற்று இரவு வீட்டில் தோடி ராகம் வாசித்துப் பார்த்தேன். அப்பாயி பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, "குழலில் ஈரமே இல்லையேப்பா, தகரத்தைத் தட்டியது போல இருக்கிறது" என்றார். இப்போது என் ஆல்ட்டோ சாக்ஸபோனில் போட்டிருப்பது செயற்கை ரீட் (ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாக்கு). நாணல் ரீட்டை நான் ஏன் விட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்: வளர்மதி அக்காவின் நாத்தனார் திருமணத்தில், வெளியே புழுக்கத்தில் நின்றுவிட்டுக் குளிரூட்டிய அரங்குக்குள் நுழைந்த கால் மணி நேரத்தில் அதன் நுனி அலை அலையாக நெளிந்து, மாங்கல்யம் முடியும் நேரத்தில் கீச்சிட்டது. அந்த அச்சம் இல்லாமலும், அதே சமயம் கனத்த நாதத்தோடும் ஒலிக்கக்கூடிய செயற்கை ரீட் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காலை 9:09 | வளர்மதி அக்கா
அப்பாயி சொன்னது சரிதான். போன வாரம் நீ அனுப்பிய பதிவு எனக்கும் அப்படித்தான் கேட்டது.

காலை 9:10 | அம்மா
சாப்பிட்டுவிட்டு எழுது கதிர். இட்லி ஆறுகிறது.

காலை 9:31 | குமரேசன் சித்தப்பா
கதிர், இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, பொறுமையாகப் படி. ஈரம் ஏறிய நாணல், தன் நார்களுக்கிடையே இருக்கும் மெல்லிய சதைப்பகுதியால், கூர்மையான மேல் ஒலிகளில் ஒரு பங்கைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் குறைவு என்பதால் அந்தக் கூர்மை அப்படியே வெளியே வந்து விழுகிறது. அம்மா 'ஈரம்' என்று சொன்னது மிகச் சரியான சொல். ஆனால் செயற்கை ரீட் எல்லாமே ஒரே பொருள் என்று எண்ணிவிடாதே. கனடாவின் லெஜேர், பாலிபுரொப்பிலீனை ஒரே திசையில் இழுத்து, நனைந்த நாணலின் அடர்த்திக்குக் கொண்டுவந்து வெட்டுகிறது. ஜெர்மனியின் ஹார்ட்மன் ஃபைபர்ரீட் நாரைப் பிசினில் பதித்துச் செய்யப்படுவது. அதில் கார்பன் நார் இட்டது பளிச்சென்று பேசும், ஹெம்ப் என்ற சணல்வகை நார் இட்டது தணிந்து பேசும். ஜப்பானின் ஃபாரஸ்டோன் மூங்கில் நாரைக் கலக்கிறது. டடாரியோவின் வென் ரீட்டில் நாணல் துகளே கலந்திருக்கிறது. சில்வர்ஸ்டீனின் அம்பிபோலி ஈரத்தை உறிஞ்சும் பிளாஸ்டிக்கால் ஆனது. உனக்கு வேண்டிய நாதத்துக்கு ஹெம்ப் நார் இட்டதையும் அம்பிபோலியில் கிளாசிக் வகையையும் முதலில் ஊதிப் பார்ப்பேன்.

காலை 9:33 | வளர்மதி அக்கா
சித்தப்பா, இவற்றில் எது சிங்கப்பூரில் கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

காலை 9:40 | பெரியப்பா
நாணல் இல்லாத இடத்தில் நாதம் எங்கிருந்து வரும்? அப்பா வாழ்நாள் முழுவதும் திருவாவடுதுறையிலிருந்து வரவழைத்த சீவாளியை, அதாவது நாதஸ்வரத்தின் நாணல் நாக்கைத் தவிர வேறொன்றை உதட்டில் வைத்ததில்லை. வாசிக்கும் முன் அதை வாயில் வைத்து ஊறவிட்டு, அது மெத்தென்று ஆன பிறகுதான் பேச்சையே நிறுத்துவார்.

காலை 9:44 | குமரேசன் சித்தப்பா
அண்ணா, அப்பாவின் சீவாளியும் கொறுக்கைத் தட்டைதான், சாக்ஸபோன் ரீட்டும் நாணல்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சீவாளியில் இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, சாக்ஸபோனில் ஒரே நாக்கு, ஊதும் முனையான மவுத்பீசின் விளிம்பை மோதுகிறது. அப்பாவின் நாதஸ்வரத்தில் நூலில் கோத்து மாற்றுச் சீவாளிகள் எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கச்சேரியின் நடுவில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருக அவருக்கு ஒரு தாளச் சுற்று போதும். தனியாக நின்று ஆலாபனை வாசிக்கப் போகும் கதிருக்கு அந்த இடைவெளி கிடைக்காது.

காலை 9:52 | மீனாட்சி அத்தை
இருவரும் கதிர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கனத்த நாதம் என்று அவன் சொல்வதன் பொருள் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சத்தம் குறைவாக இருப்பதா, சுருதி தாழ்ந்திருப்பதா, இரண்டும் இல்லாத வேறொன்றா?

காலை 10:15 | கதிர்
நல்ல கேள்வி, அத்தை. சத்தமும் சுருதியும் அப்படியே இருக்க வேண்டும். ஒரே காந்தார சுரத்தைத் தாத்தா பிடித்தால், அதன் அடியில் ஒரு பெரிய பானை முழங்குவது போல இருக்கும். நான் பிடித்தால் அதன் மேல்பக்கம் மட்டும் மின்னுகிறது. இசைக்கலைஞர்கள் இதை டார்க் டோன் என்பார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தோடியில் காந்தாரம் ஆட வேண்டும் என்பதால், உதட்டின் அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கும் அளவுக்கு ரீட் இளகியிருக்க வேண்டும். ரீட்டின் கடினத்தை எண்ணால் குறிப்பார்கள்; கனம் வேண்டும் என்று கடினமான எண்ணுக்குப் போனால் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) முறுக்கிக்கொள்கிறது, கீழ்ச் சுரங்களான மந்திர ஸ்தாயியில் காற்றுச் சத்தம் மட்டும் வருகிறது. மென்மையான எண்ணுக்கு வந்தால் கமகம் அழகாக விழுகிறது, நாதம் மெலிந்துவிடுகிறது.

காலை 10:18 | அப்பா
நேற்று நானும் கேட்டேன். மேல் ஸ்தாயியில்தான் குறை, கீழே நன்றாகவே இருக்கிறது.

காலை 10:41 | குமரேசன் சித்தப்பா
சின்ன அண்ணன் சொல்வது முக்கியமான குறிப்பு. மேல் ஸ்தாயியில் மட்டும் மெலிகிறது என்றால் ரீட்டின் நுனியையும் நடுப்பகுதியையும் பார்க்க வேண்டும். நுனி தாளைப் போல மெலிந்திருந்தால் உடனே பேசும், ஆனால் பளிச்சென்று பேசும். நுனி சற்றுத் தடித்து, நடுவில் சதை இருந்தால் மேல் ஒலிகள் அடங்கி அடி ஒலி முன்னே வரும். ஆகவே கடையில் கேட்கும்போது பெயரைவிட வெட்டை, அதாவது ரீட் சீவப்பட்ட வடிவத்தைக் கேள். எண்ணைப் பொறுத்தவரை, நாணலில் 2½ வாசிக்கிறவன் செயற்கையிலும் 2½ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. ஒவ்வொரு நிறுவனத்தின் எண்ணும் வேறு அளவுகோல். லெஜேர் கால் எண் இடைவெளியில் 2¼, 2½, 2¾ என்று கொடுப்பதால் நுணுக்கமாகத் தேடலாம். நம் ஊரின் வெப்பத்தையும் மறக்காதே. பிளாஸ்டிக் ரீட் வெப்பத்தில் தளரும், குளிரில் இறுகும். கோயில் வாசலில் 2½ ஆக இருப்பது குளிரூட்டிய அரங்கில் 2¾ போல நடந்துகொள்ளும். நான் ஒரே வகையில் இரண்டு வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை மாற்றி வாசிக்கிறேன். சூடேறித் தளர்ந்தது ஓய்வில் மீண்டுவிடும்.

காலை 10:44 | வளர்மதி அக்கா
சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடையில் தொலைபேசியில் கேட்டேன். லெஜேர் ஆல்ட்டோவில் 2½ மட்டும் இருக்கிறதாம், ஹெம்ப் ரீட்டை வரவழைக்க வேண்டுமாம், பிரித்த ரீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். ஒரு செயற்கை ரீட்டின் விலைக்கு ஏறத்தாழ ஒரு பெட்டி நாணல் ரீட் வாங்கிவிடலாம் போலிருக்கிறதே. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தாலும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் அந்த வரி வந்துவிட்டது. எனவே ஊதிப் பார்க்காமல் ஐந்தாறு வகைகளை வாங்குவது நடவாத காரியம்.

காலை 10:46 | அம்மா
வளர்மதி, சமூக மன்றத்தில் அரங்குக்குப் பணம் கட்டிவிட்டாயா?

காலை 10:47 | வளர்மதி அக்கா
முன்பணம் கட்டிவிட்டேன் அம்மா. குளிரூட்டியைக் குறைத்து வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன், கதிரின் ரீட்டுக்காகத்தான்.

காலை 11:20 | பெரியப்பா
குமரேசன் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது. அப்பாவின் குரு தலைமுறையில் எல்லாரும் திமிரி நாதஸ்வரம்தான் வாசித்தார்கள். குட்டையான குழல், உச்சமான சுருதி, கூரான ஒலி. அதை விட்டுப் பாரி நாதஸ்வரத்தின் நீண்ட குழலுக்கு மேடையில் இடம் வாங்கிக்கொடுத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் தோடியில் நாம் கேட்கும் கனம் சீவாளியால் மட்டும் வந்ததன்று. குழலையே மாற்றியதால் வந்தது. அப்படியிருக்க நீங்கள் ரீட்டை மட்டும் மாற்றி மாற்றி எதைத் தேடுகிறீர்கள்?

காலை 11:26 | குமரேசன் சித்தப்பா
அண்ணா, நான் அடுத்து எழுத நினைத்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். சாக்ஸபோனில் அந்த வேலையைச் செய்வது மவுத்பீஸ். உட்கூரை ரீட்டை நெருங்கியிருந்தால் காற்று அந்த இடுக்கில் வேகமெடுத்து ஒலி மின்னும். கூரை விலகி, உள்ளறை அகன்றிருந்தால் ஒலி உருண்டு வரும். சாக்ஸபோனை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ் 1846இல் அதற்குக் காப்புரிமை பெற்ற காலத்து மவுத்பீஸ்களின் உள்ளறை பெரிதாகவும் உருண்டையாகவும்தான் இருந்தது. கதிர், நீ இப்போது வாசிக்கும் மவுத்பீசை எங்கே வாங்கினாய்?

காலை 11:30 | கதிர்
சென்ற ஆண்டு பழைய பொருளாக வாங்கினேன், சித்தப்பா. விற்றவர் ஜாஸ் குழுவில் வாசித்தவர். உட்கூரையில் விரலை வைத்தால், நுனிக்குப் பக்கத்தில் ஒரு மேடு தட்டுப்படுகிறது.

காலை 11:31 | குமரேசன் சித்தப்பா
அந்த மேடுதான். நாணல் ரீட் அந்த மேட்டின் கூர்மையை ஓரளவு விழுங்கிக்கொண்டிருந்தது. செயற்கைக்கு மாறியதும் அது வெளியே தெரிகிறது. என்னிடம் கருங்காலி நிறத்தில் ஒரு எபோனைட் (கடின ரப்பர்) மவுத்பீஸ் இருக்கிறது, உள்ளறை அகன்றது. முதலில் உன் பழைய செயற்கை ரீட்டையே அதில் போட்டு ஊது. கீழுதட்டை ரீட்டின் மேல் இன்னும் சற்று அதிகமாகப் படியவிட்டு, தொண்டையைத் திறந்து வாசி; உதட்டின் சதையும் மேல் ஒலியை அடக்கும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் ஹெம்ப் ரீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

காலை 11:45 | மீனாட்சி அத்தை
சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பை அப்பா ஒலிநாடாவில் கேட்ட நாள் நினைவுக்கு வருகிறது. அவருடைய தந்தையும் நாதஸ்வரக் கலைஞர் என்று யாரோ சொன்னதும், "அதுதான், காது அங்கிருந்து வந்திருக்கிறது" என்றார். 2019இல் அவர் மறைந்த செய்தியைக் கேட்டு அன்று முழுவதும் அப்பா குழலைத் தொடவில்லை. கதிருக்கும் அந்தக் காது இருக்கிறது. ரீட் அதற்குத் தடையாக இருக்கக்கூடாது.

காலை 11:52 | குமரேசன் சித்தப்பா
அண்ணா, இதையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். அப்பாவின் சீவாளிப் பெட்டி உங்களிடம்தான் இருக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் நீங்கள் எடுத்துச் சென்றது எனக்கு வருத்தம்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்தால், நம் அப்பாவின் சீவாளி ஒன்றை நாதஸ்வரத்தில் பொருத்தி ஊதச் சொல்லிக் கதிர் கேட்டு, அந்த ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு தன் ரீட்டைத் தேடலாம்.

பிற்பகல் 12:40 | அம்மா
பெரிய அத்தான் செய்தியைப் படித்துவிட்டார், நீலக்குறி தெரிகிறது. சற்றுப் பொறுங்கள்.

பிற்பகல் 1:15 | கதிர்
அப்பாயி குரல்பதிவு அனுப்பச் சொன்னார். அவருக்குத் தொண்டை கட்டியிருப்பதால் நானே எழுதுகிறேன். "பெட்டி மூத்தவனிடம் இருக்கட்டும் என்று சொன்னது நான்தான். அவன் கேட்காமல் எடுக்கவில்லை. ஊதுவதற்கு ஆள் வந்தால் திறந்துகொடு என்றும் சொல்லியிருந்தேன்."

பிற்பகல் 1:21 | குமரேசன் சித்தப்பா
இது எனக்குத் தெரியாது. அண்ணா, மன்னித்துவிடுங்கள்.

பிற்பகல் 2:05 | பெரியப்பா
பரவாயில்லை. பெட்டியைக் கொண்டுவருகிறேன். ஆனால் ஓராண்டாக யாரும் ஊறவைக்காத சீவாளி இது. நனைத்தவுடன் விரிந்துபோகவும் கூடும். ஒன்றைத் தொடலாமா வேண்டாமா என்பதை அங்கே அம்மாவின் முன்னால் முடிவு செய்வோம்.

பிற்பகல் 2:09 | வளர்மதி அக்கா
அப்படியானால் நான் கடையில் 2½ஐ எடுத்து வைக்கச் சொல்லவா, வேண்டாமா? மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும்.

பிற்பகல் 2:12 | குமரேசன் சித்தப்பா
2¼ வரவழைக்க முடியுமா என்று கேள்.

பிற்பகல் 2:13 | கதிர்
எதையும் எடுக்க வேண்டாம் அக்கா. நாளை சித்தப்பாவின் மவுத்பீசில் ஊதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பிற்பகல் 2:14 | அப்பா
ஹெம்ப் ரீட் வந்துசேர எத்தனை நாளாகும் என்றாவது கேட்டு வை. நாளை போதவில்லை என்று தெரிந்த பிறகு கேட்டால் நாள் தப்பிவிடும்.

பிற்பகல் 2:30 | வளர்மதி அக்கா
கேட்டேன். பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம் என்கிறார்கள், உறுதியாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட்டால் நினைவு நாளுக்குள் வந்துவிடும்.

பிற்பகல் 2:36 | அம்மா
நாளை எல்லாரும் குமரேசன் வீட்டுக்கு வருகிறீர்களா, இங்கே வருகிறீர்களா? அப்பாயியால் படியேற முடியாது. குமரேசன் புளோக்கில் மின்தூக்கி இன்னும் பழுதாகவே இருக்கிறது.

பிற்பகல் 2:38 | குமரேசன் சித்தப்பா
அண்ணி, நானே மவுத்பீசோடு அங்கே வந்துவிடுகிறேன்.