சென்னைக்குக் குடிவந்தவர்களே, எந்த ஏரியா, ஏன் அந்த ஏரியா?

காவிரிக்கரை

வேலை சோழிங்கநல்லூரில். திருச்சியில் இருந்து குடும்பத்தோடு மாறுகிறோம், ஜூனில் பையனுக்குப் பள்ளி. வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் என்று வழக்கமான சுற்று சுற்றியாகிவிட்டது. எல்லா இடத்திலும் புரோக்கர் சொல்வது ஒன்றுதான்: "இங்க தண்ணி நிக்காது சார்."

வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு. புது பெயிண்ட், புது டைல்ஸ், வாடகையும் அக்கம்பக்கத்தைவிடக் குறைவு. மனைவி ஃபோனுக்கு சார்ஜ் போட பிளக் தேடினாள். கீழே எங்கேயும் இல்லை. ஹால், படுக்கையறை, எல்லா இடத்திலும் பிளக் என் நெஞ்சு உயரத்தில். ஃபிரிட்ஜ் வைக்கும் மூலையில் சிமெண்ட் மேடை. இன்வர்ட்டர் பரண்மேல். ஏன் இப்படி என்று கேட்டேன். "சின்னப் பசங்க கை வச்சிடக் கூடாதுன்னு ஓனர் பார்த்துப் பார்த்து செஞ்சது சார்" என்றார் புரோக்கர். பரண்மேல் இருக்கும் இன்வர்ட்டரை எந்தக் குழந்தை தொடப்போகிறது? அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

அந்த பிளக்குகள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. மாறி வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முடிச்சூர் ரோடு

பிளக்கை மேலே ஏற்றி வைத்த ஓனர் நல்ல மனுஷன். எங்கள் ஓனர் அதைக்கூடச் செய்யவில்லை.

மேல்மாடி எடுத்தால் போதும் என்று யாராவது வந்து சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் தெருவில் இடுப்பளவு நின்றது, அதனால் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மோட்டார் மூழ்கியது, சம்பில் சாக்கடை கலந்தது. மேல்தொட்டி காலியானதும் குழாயைத் திறந்தால் வெறும் காற்று. கீழ்வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கிவந்து எங்கள் ஹாலில் உட்காரவைத்தோம். பால்கனி வழியாக எட்டிப் பார்த்தவர், "இவ்வளவு தண்ணி நிக்குது, கால் கழுவ ஒரு சொம்பு தண்ணி இல்லையாடா?" என்று என்னைக் கேட்டார். நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. மொட்டைமாடியில் மழைநீரைப் பிடித்துத்தான் கழிவறைக்கு ஊற்றினோம்.

இப்போது கிழக்குத் தாம்பரத்தில், மேடான தெருவாகப் பார்த்து இருக்கிறோம். மாடி எத்தனையாவது என்பதைவிடத் தெரு எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.

உப்புக்காற்று

வெள்ளத்தை மட்டுமே பார்த்தால் பேசாமல் திருவான்மியூர் வாருங்கள். கடலோர மணல் பூமி, எவ்வளவு பெய்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். வாடகை அதிகம்தான்.

ஆனால் இங்கே வேறு வகைச் செலவு இருக்கிறது. ஏசி குளிராமல் போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வெளியே இருக்கும் யூனிட்டைத் திறந்து தகட்டில் விரல் வைத்தார். அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. உள்ளே காயில் குழாயிலும் ஓட்டை. எல்லாம் கடல் காற்று செய்கிற வேலை. "பீச் பக்கத்துல வாடகைக்கு இருக்கறது நல்லதுதான் சார், ஏசி மட்டும் ஓனரோடதா இருக்கணும்" என்றார். கேட், ஜன்னல் கம்பி, பைக் சைலன்சர் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். சாயங்காலம் அந்தக் காற்றில் உட்கார்ந்தால் மட்டும் இதெல்லாம் மறந்துவிடும்.

தேரடித் தெரு

ஏன் எல்லாரும் அடையாற்றுக்குத் தெற்கிலேயே சுற்றுகிறீர்கள்? வடக்கே ஊர் இல்லையா? திருவொற்றியூருக்கு 2021 பிப்ரவரியிலேயே மெட்ரோ வந்துவிட்டது. தேரடியில் ஏறினால் கிண்டி வரை உட்கார்ந்தே போகிறேன். இங்கேயும் கடல் இருக்கிறது, மீன் இருக்கிறது, கோயில் இருக்கிறது. நீங்கள் தரும் வாடகையில் பாதிக்கு என் வீடு.

நல்லதை மட்டும் சொன்னால் புரோக்கருக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. 2023 டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூரில் ஒரு உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்தில் இருக்கும் சித்தி குடும்பம் நடுராத்திரியில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. கதவைத் திறந்தால் ஆளுக்கொரு ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சின்னவள் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். சித்தி முதலில் சொன்னது, "அடுப்புல பால் வச்சது வச்சபடியே வந்துட்டேன்." அதைத்தான் விடியும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மாத ஆரம்பத்தில்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படிந்திருந்தது. இவ்வளவுக்கும் பிறகு நான் இங்கேதான் இருக்கிறேன். தெற்கே போனவர்கள் ஏதோ சொர்க்கத்தில் இருப்பதாக மேலே படித்தவரையில் தெரியவில்லை.

மேற்கு மலை

நீங்கள் எல்லாரும் ஏரியாவைத் தேர்ந்தெடுத்த கதை சொல்கிறீர்கள். எங்களை ஏரியாதான் தேர்ந்தெடுக்கவில்லை.

கடையநல்லூரில் இருந்து வந்தோம், நான், கணவர், கைக்குழந்தை. தென்சென்னையில் பழைய குடியிருப்பு ஒன்று, பெயர் வேண்டாம். வீடு பிடித்திருந்தது. ஓனர் வயதானவர், காபி கொடுத்தார், பையன் அமெரிக்காவில் வீடு வாங்கிவிட்டான், இனி இந்தப் பக்கம் வரமாட்டான் என்று வருத்தப்பட்டார். டோக்கன் அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது எழுத உட்கார்ந்தார். "பேர் சொல்லும்மா." சொன்னேன். பேனா தாளில் வைத்த இடத்திலேயே நின்றது. உள்ளே போனார், வந்தார். "பையன் அடுத்த மாசம் வர்றதா சொல்லியிருந்தான், இப்பத்தான் ஞாபகம் வந்தது" என்றார். பணத்தை மறுபடி எண்ணி, சரியாகக் கையில் கொடுத்தார். அந்த மரியாதையைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. கீழே இறங்கியதும் புரோக்கர், "முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

ராயப்பேட்டையில் இருக்கிறோம். திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் பிடித்தால் தரமணி ஆபீசுக்கு நேராகப் போய்விடலாம். மழைக்காலத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் நிற்கும். பேர் கேட்டுப் பேனா நிற்கவில்லை.

ஆதம்பாக்கம் அண்ணாச்சி

சகோதரி சொன்னது உண்மை, என் நண்பருக்கும் நடந்திருக்கிறது. திருவான்மியூர்க்காரர் சொன்னதில் ஒரு திருத்தம். கடலோரம் முழுக்க மணல் மேடு என்று நினைத்து யாரும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் வீடு எடுத்துவிடாதீர்கள்.

என் கதை சின்னது. நான் வந்த வருஷம் 2019. ஜூனில் ஊருக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிப்போயின. லாரித் தண்ணீருக்காக அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் அடிதடி, அவ்வளவுதான்.

திருச்சித் தம்பிக்கு இதைச் சொல்கிறேன். வெயில் காலத்தில் வீடு பார்ப்பதே வீண், ஐப்பசி மழையில் வந்து பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், அவருக்குக் கமிஷன் கிடையாது. ரோட்டில் நின்று வீட்டு வாசலைப் பாருங்கள். ரோடு போடப் போடத் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகியிருக்கும். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரிய இணைப்பு இருக்கிறதா, போர்வெல் மட்டுமா என்று கேளுங்கள். போர்வெல் தண்ணீரை ஒரு வாளி பிடித்து ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் மஞ்சள் படிவது தெரியும், வெள்ளைச் சட்டை போடுகிறவர்களுக்கு அது முக்கியம். சாக்கடை இணைப்பு இல்லையென்றால் செப்டிக் லாரிச் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசுங்கள். கரண்ட்டுக்கு ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கு போட்டால் முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வராது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சார் பட்டம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம் கொடுத்தார்கள், அதே வருஷம் ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு எரிந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்றும் பாருங்கள். ஊருக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் ஜிஎஸ்டி சாலைப் பக்கம் யோசிக்கலாம், தெற்கே போகும் பேருந்துகளில் பெரும்பாலானவை இப்போது கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களை காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை கடந்து பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்கள். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி மூன்று மாதம்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

முடிச்சூர் ரோடு

அண்ணாச்சி, அவர் கேட்டது அனுபவம். நீங்கள் பாடமே எடுத்துவிட்டீர்கள்.

மூன்று மாதக் கணக்கை நான் ஒரு ஓனரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதற்கு மேலும் வாங்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது, அவருக்கு அது தெரிந்திருந்தது. தெரியாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. "சட்டத்துல வீடு இருந்தா அங்கயே குடி போங்க தம்பி" என்று சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆதம்பாக்கம் அண்ணாச்சி

அந்த மாதிரி ஓனர் வீடு கிடைக்காமல் போனது உங்கள் அதிர்ஷ்டம் என்பேன்.

முடிச்சூர் ரோடு

அடுத்த வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்கு இறங்கினார். சட்டத்தால் இல்லை, மாமனாருக்குத் தெரிந்தவர்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. வேளச்சேரியை விட்டுவிட்டோம். பட்ஜெட்டைப் பார்த்தால் திருவான்மியூரும் இல்லை. தேரடித் தெரு நண்பரே, உங்கள் பக்கம் இருந்து சோழிங்கநல்லூர் போய்வர முடியுமா?

தேரடித் தெரு

கிண்டி வரை மெட்ரோ. அப்புறம் உங்கள் பாடு.