உள்ளாட்சிக் கணக்கில் மிச்சம் பிடித்த அனுபவங்கள்: குமரி மாவட்டம்

கல்குளம் பக்கம், முன்னாள் வார்டு உறுப்பினர்:

2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து, 2025 ஜனவரி வரை கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். ‘பஞ்சாயத்தில் பணம் இல்லை’ என்ற பேச்சைக் கேட்காத கூட்டமே கிடையாது. அது பொய்யும் இல்லை. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் எந்த மூலைக்கும் காணாது. மாநில நிதிக்குழு மானியம் வந்தால்தான் மாதம் ஓடும். 15-வது மத்திய நிதிக்குழுப் பணம் வந்தாலும், 2021-லிருந்து அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவு செய்ய முடிந்தது.

சரி, செலவைக் குறைக்கலாம் என்று பேச்சு வந்ததும் முதலில் யார் மேல் கை வைப்பார்கள் தெரியுமா? தூய்மைக் காவலர்கள் மேல்தான். ஒரு ஆளைக் குறைத்தால் என்ன, பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை குறைவாக வாங்கினால் என்ன என்பார்கள். நான் கடைசிவரை இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. குப்பை அள்ளுகிறவரின் வயிற்றில் அடித்துத்தான் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் அப்படி ஒரு மிச்சமே வேண்டாம். அதைவிடப் பெரிய ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

கிராம ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்கு. முதல் கணக்கு பொது நிதி. இரண்டாவது, மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதும். மூன்றாவது, திட்டப் பணம். ரோடும் ஓடையும் வருகிற கணக்குகளை எல்லாரும் துருவித் துருவிப் பார்ப்பார்கள். இரண்டாவது கணக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பில் வரும், கட்டுவார்கள், தீர்மானத்தில் ஒரு வரி ஏறும்.

செயலரிடம் கேட்டு ஒரு வருட மின்கட்டண பில்களை வாங்கினேன். ஒரு தாளில் கட்டம் போட்டு, இடது பக்கம் இணைப்பு எண்கள், மேலே மாதங்கள், உள்ளே யூனிட் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சித்திரை வெயிலில் ஓடிய அதே அளவு யூனிட்தான் ஜூனிலும் ஜூலையிலும் ஓடியிருக்கிறது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்தால் நம்ம ஊரில் வீட்டுக் கிணறெல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி நிறைந்துவிடும். பஞ்சாயத்துக் குழாயைத் தேடிப் பாதிப் பேர் வர மாட்டார்கள். அப்புறம் ஏன் மோட்டார் அவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

தொட்டி ஆபரேட்டர் அண்ணனைப் பார்க்கப் போனேன். மேல்நிலைத் தொட்டியின் தூணெல்லாம் பச்சைப் பாசி படிந்து கிடந்தது. கீழே சிமெண்டுத் தளம் வழுக்கியது. தண்ணீர் வழிந்து ஓடிய தடம் பக்கத்து வாழைத் தோட்டம் வரைக்கும் போனது. கேட்டதும் அவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: “மக்கா, காலத்த அஞ்சு மணிக்கு மோட்டாரப் போடுவேன். பால் வெட்டப் போயிட்டு எட்டு மணிக்கு வந்து நிறுத்துவேன். இடையில தொட்டி எப்ப நிறைஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் கொடுக்கிற சம்பளத்தில் ரப்பர் தோட்ட வேலையும் பார்த்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். 10 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஏழரை யூனிட். தினமும் ஒரு மணி நேரம் வீணாக ஓடினால் மாதத்துக்கு 225 யூனிட், அதுவும் ஒரே ஒரு மோட்டாரில். கூட்டத்தில் இந்தத் தாளை வைத்துத்தான் பேசினேன். தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கிற சுவிட்ச் போடத் தீர்மானம் நிறைவேறியது. மழைக்காலத்துக்குத் தனி நேரம் வைக்கலாம் என்றது அந்த அண்ணன்தான். மோட்டாரைத் தினமும் தொடுகிறவருக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

தெருவிளக்கும் இதே கதைதான். 20 வாட் எல்.இ.டி. பகலில் எரிந்தால் என்ன என்று தோன்றும். 200 விளக்கு பகல் முழுக்க 12 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 48 யூனிட் போகிறது. டைமர் பழுதானால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

விளவங்கோடு பக்கம், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்:

தம்பி சொன்ன அந்தக் கட்டத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எந்த இணைப்பில் மாதக்கணக்கில் யூனிட்டே ஓடவில்லை என்று தேடுங்கள். எங்கள் ஊரில் பழைய ஆழ்குழாய்க் கிணறு ஒன்று தூர்ந்துபோய் மோட்டாரையும் கழற்றிவிட்டார்கள். கூட்டுக் குடிநீர் வந்துவிட்டதால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. ஆனால் மீட்டர் அறையில் இணைப்பு அப்படியே இருந்தது. யூனிட் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம், கிலோவாட் கணக்குக்கு, ஒவ்வொரு பில்லிலும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த இணைப்பை ஒப்படைக்க எழுதிக் கொடுக்கவைத்தேன். சின்ன மோட்டாரை மாட்டிய பிறகும் பழைய பெரிய லோடுக்கே கட்டணம் கட்டுகிற இடங்களும் உண்டு. அதையும் குறைத்து வாங்கலாம்.

தாமதக் கட்டணத்தையும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். தேதி தாண்டிக் கட்டுவதால் போகிற பணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊருக்கு வராது. எனக்கு மனசு வலிப்பது அதைப் பார்க்கும்போதுதான்.

அகஸ்தீஸ்வரம் பக்கம், சுயஉதவிக் குழு உறுப்பினர்:

எங்களுடையது பேரூராட்சி, கிராம சபை கிடையாது. அதனால் நான் தகவல் உரிமைச் சட்டத்தில் போனேன். 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. குப்பை டிராக்டரின் டீசல் லாக் புக்கை நேரில் பார்வையிட வேண்டும் என்று கேட்டேன். நகல் கேட்டிருந்தால் பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும், புத்தகமாகப் பார்த்தால்தான் வரிசை புரியும். டிராக்டர் தினமும் உரக்கிடங்குக்குப் போய் வந்திருக்கிறது. அது சுமந்து போனதோ ஓலையும் தேங்காய்த் தொண்டும் சருகும், அதுவும் பாதிப் பெட்டி. ஓட்டல் கழிவும் மீன் சந்தைக் கழிவும்தான் தினமும் எடுத்தாக வேண்டியவை. மற்றதை வீட்டிலேயே தென்னை மூட்டில் போடலாம். எங்கள் தெருவில் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். இப்போது எங்கள் பகுதிக்கு மக்காத குப்பை எடுக்க மட்டும் வண்டி ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறது. யாருடைய வேலையும் போகவில்லை, டீசல்தான் குறைந்தது.

தோவாளைப் பக்கமிருந்து ஒரு கேள்வி:

2025 ஜனவரியில் பதவிக் காலம் முடிந்த பிறகு தலைவரும் இல்லை, மெம்பரும் இல்லை, அரசு போட்ட தனி அலுவலர்தான். நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

கல்குளம் பக்கம், முன்னாள் வார்டு உறுப்பினர்:

அண்ணே, தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். வரவு செலவை அங்கே மக்கள் முன்னால் வைத்தாக வேண்டும். வரவு செலவு எழுதிய படிவம் 30-ஐக் கேளுங்கள், கூடவே இரண்டாவது கணக்கின் மின்கட்டண விவரத்தை இணைப்பு வாரியாகக் கேளுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும், எழுதிக் கொடுங்கள். நீங்கள் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.